சமாதானம் சொல்லப் போன வீடுகள்

சமாதானம் மூன்றாவது தூணோடு நின்றுவிடும்.

1990-இல் தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சேகரத்துக்கு என்னை மாற்றினார்கள். குருப்பட்டம் பெற்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. எங்கள் திருவிருந்து ஆராதனையில் காணிக்கை எடுப்பதற்கு முன்னால் சமாதானம் கொடுப்பது என்று ஒரு பகுதி உண்டு. குருவானவர் பீடத்தில் உதவி செய்கிறவர்களுக்குக் கொடுப்பார். அவர்கள் இறங்கி வந்து வரிசையின் முனையில் இருப்பவருக்குக் கொடுப்பார்கள். வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கை சேரும், ஒருவர் கைமேல் மற்றவரின் இடது கை மூடும். வாங்கியவர் தன் பக்கத்தில் இருப்பவரிடம் திரும்புவார். இப்படிக் கைமாறிக் கைமாறிக் கடைசிப் பாய்வரை போக வேண்டும். 1947-இல் ஒன்றான தென்னிந்தியத் திருச்சபை 1950-இல் தனக்கென ஆராதனை முறை வகுத்தபோது, மலையாளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் வழக்கத்தைப் பார்த்து இதைச் சேர்த்துக்கொண்டது.

அந்த ஊர் ஆலயத்தில் ஆண்கள் பக்கம் மூன்றாவது தூண்வரை சமாதானம் ஒழுங்காக வரும். தூணுக்கு இந்தப் பக்கம் இருக்கிற பெரியவர் வாங்கிக்கொள்வார், கையை மடியில் வைத்துக்கொள்வார். தூணுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் சுற்றி நடை வழியாக வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்வார்கள். ஊருக்கே பழகிப்போயிருந்தது. எனக்கு அது கண்ணில் படவே நான்கு மாதம் ஆனது.

கோயில்பிள்ளைத் தாத்தாதான் சொன்னார். மணி அடிப்பது, விளக்கு ஏற்றுவது, கல்லறைக்குக் குழி வெட்ட ஆள் சொல்வது எல்லாம் அவர் வேலை. "ரெண்டு பேரும் கூடப்பிறந்தவங்கய்யா. பதினோரு வருஷமாப் பேச்சு கிடையாது."

விஷயம் கிணறு என்றார்கள். கூட்டுக் கிணறு, ஐந்து குதிரைத்திறன் மோட்டார். ஒருநாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. ஒரு கோடையில் தண்ணீர் அடியில் போய்விட, அண்ணன் மோட்டார் அறையைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். தம்பி முன்சீப் கோர்ட்டுக்குப் போனார். வாய்தா வாய்தாவாக நடந்துகொண்டிருந்தது.

எனக்கு முப்பத்துமூன்று வயது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்த சூடு ஆறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காயீனையும் ஆபேலையும் எடுத்துக்கொண்டு பிரசங்கம் செய்தேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் பேசிய நாற்பது நிமிஷமும் என் கண் மூன்றாவது தூணைவிட்டு அகலவில்லை. தண்ணீரைப் பூட்டுகிறவன், சகோதரனைக் கோர்ட்டுக்கு இழுக்கிறவன் என்றெல்லாம் சொன்னேன். சபையில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. வாக்கு இறங்குகிறது என்று நினைத்தேன்.

ஆசீர்வாதம் சொல்வதற்குள் தம்பி எழுந்து போய்விட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவியும் பிள்ளைகளும் எழுந்து போனார்கள். மறுவாரம் அண்ணனும் வரவில்லை. ஒரே பிரசங்கத்தில் இரண்டு குடும்பமும் ஆலயத்தைவிட்டுப் போயின. தம்பி வீட்டார் பக்கத்து ஊரில் ஒரு ஜெபக்கூடத்துக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குக் கோபம்தான் வந்தது. சத்தியத்தைச் சொன்னேன், அவர்களால் தாங்க முடியவில்லை என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் கோயில்பிள்ளைத் தாத்தா குருமனைத் திண்ணைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஐயா, ஒண்ணு சொல்லுதேன், தப்பா நினைக்கப்படாது. அவிய வீட்டுக்கு நீங்க எத்தனை தடவை போயிருப்பிய?"

உட்கார்ந்து பேசுவதற்கென்று ஒரு தடவைகூட இல்லை. வந்த புதிதில் வீடு சந்திக்கப் போனபோது ஒரு ஜெபம் செய்தேன், அவ்வளவுதான்.

"போகாத வீட்டைப் பத்திப் பேசிப்புட்டியளே ஐயா."

அவர் எழுத்து வாசனை அதிகம் இல்லாதவர். சொல்லிவிட்டு விளக்கேற்றப் போய்விட்டார். என் ஊழியத்தில் எனக்குக் கிடைத்த பாடங்களில் இதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தம்பி வீட்டுக்குப் போனேன். பதநீர்க் காலம். பதநீர் காய்ச்சுகிற குடிசையான விடிலியில் அவர் மனைவி கூப்பனிப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். புகையில் கண் எரிந்தது. தம்பி கட்டிலில் இருந்து எழவும் இல்லை, என்னை உட்காரச் சொல்லவும் இல்லை. நின்றுகொண்டேதான் சொன்னேன். "நான் செஞ்சது தப்பு. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஊருக்கு முன்னால பேசினேன். என்னை மன்னிக்கணும்." வழி நெடுக இதற்குப் பிறகு ஒரு 'ஆனால்' சேர்த்து யோசித்து வைத்திருந்தேன். ஆனால் நீங்களும் கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டாம் என்று. அந்தப் புகையில் நின்றபோது அது வாயில் வரவில்லை. வராததற்காக இன்றைக்கும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறேன். வந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அதே நாள் அண்ணன் வீட்டிலும் அதே வார்த்தையைச் சொன்னேன். மறு ஞாயிறு பீடத்தில் ஏறாமல், அங்கியோடு கீழே வந்து சபைக்கு நடுவில் நின்று, ஊர் கேட்கச் செய்த தப்புக்கு ஊர் கேட்க மன்னிப்புக் கேட்டேன். கமிட்டியில் ஒருவர் ஆராதனை முடிந்ததும், "ஐயர் இப்பிடி இறங்கக் கூடாது, நாளைக்கு யாரும் மதிக்க மாட்டாவ" என்றார். அவர் நல்ல மனுஷன், என்மேல் உள்ள அக்கறையில் சொன்னார். ஆனால் அந்த வாரத்திலிருந்துதான் இரண்டு வீட்டு வாசலும் எனக்குத் திறந்தது.

அதன்பிறகு முப்பத்திரண்டு வருஷம் இந்த வேலைதான். பிரசங்கம், ஞானஸ்நானம், கல்யாண ஓலை வாசிப்பது, அடக்கம் எல்லாம் குருவானவர் வேலை என்று எல்லாருக்கும் தெரியும். பகைப்பட்ட வீடுகளுக்கு நடக்கிறதுதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் தின்கிற வேலை என்பது வெளியே தெரியாது. அண்ணன் தம்பி, மாமியார் மருமகள், சம்பந்திகள், சபைச் செயலாளரும் பழைய செயலாளரும். சபையார் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையில் கறி பரிமாறும்போது தன் இலைக்குக் குறைத்துப் போட்டான் என்று ஆறு வருஷம் பேசாமல் இருந்தவர்களைத் தெரியும். கேட்டால் சிறியதாகத் தோன்றும். இலை முன்னால் உட்கார்ந்து அவமானப்பட்டவருக்கு அது சிறியது அல்ல.

வழி புதிதாக நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில் இயேசு படிப்படியாகச் சொல்லியிருக்கிறார். முதலில் நீயும் அவனும் தனியாக. கேட்காவிட்டால் இன்னும் ஒன்றிரண்டு பேரோடு. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்கு. நம் ஊர்களில் இது தலைகீழாக நடக்கிறது. முதலில் சபைக்குத் தெரியும், பிறகு இரண்டு மூன்று பேர் கூடிப் பேசுவார்கள், அந்த மனுஷனிடம் தனியாகப் போய் யாரும் கேட்பதே இல்லை. நான் செய்த பிரசங்கமும் அப்படித்தான், மூன்றாம் படியில் இருந்து ஆரம்பித்தேன்.

நடந்து நடந்து சில பழக்கங்கள் வந்தன. அங்கி போட்டுக்கொண்டு போவதில்லை. கமிட்டிக்காரர் யாரையும் கூட்டிக்கொண்டு போவதில்லை. ஒரு வீட்டில் காப்பி குடித்தால் அன்றைக்கே மற்ற வீட்டிலும் குடிக்க வேண்டும். ஐயர் எந்த வீட்டில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று தெருவே எண்ணிக்கொண்டிருக்கும். இந்த வீட்டில் கேட்ட கடுஞ்சொல்லை அந்த வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. நல்ல சொல் ஒன்று தவறி விழுந்தால் அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். "உங்க தம்பி மகனுக்குக் காய்ச்சல்னு கேட்டு அவர் முகம் வாடிப்போச்சு" என்பது உண்மையாக இருந்தால் அதைச் சொல்லத் தயங்கக் கூடாது. உண்மையாக இல்லாவிட்டால் சொல்லவே கூடாது. நல்லெண்ணத்தில் பொய் சொல்லிச் சேர்த்துவைத்த இரண்டு குடும்பங்கள் அந்தப் பொய் வெளிப்பட்ட அன்றைக்கு முன்னைவிட மோசமாகப் பிரிந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

அவசரப்பட்டு இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைப்பது பெரிய தப்பு. கை கொடுக்கவைத்துப் போட்டோ எடுப்பது அதைவிடப் பெரிய தப்பு.

எங்கள் பழைய ஆங்கிலிக்கன் சபைகள் 1662-ஆம் வருஷத்து ஜெபப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தன. அதில் திருவிருந்து முறையின் தொடக்கத்தில் குருவானவருக்கு ஒரு கட்டளை இருக்கிறது. பகையோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அவர்கள் ஒப்புரவாகும்வரை பந்திக்கு விடக் கூடாது. இதைச் சொல்லி ஜனங்களைப் பயமுறுத்திய ஐயர்மார் உண்டு. அந்தக் கட்டளையின் அடுத்த பாதியை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. ஒருவர் மனதார மன்னிக்கவும் தன் தப்புக்கு ஈடு செய்யவும் தயாராக இருந்து, மற்றவர் பிடிவாதமாக மறுத்தால், தயாராக இருப்பவரைப் பந்தியில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. மற்றவன் வரட்டும் என்று காத்திருக்கிறவர்களுக்கு இதைத்தான் நான் வாசித்துக் காட்டுவேன். உங்கள் பங்கை நீங்கள் முடிக்கலாம். அவருடைய சம்மதம் அதற்குத் தேவையில்லை.

அந்த அண்ணன் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். தம்பி வீட்டுக்கு எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ போனபோதுதான் உண்மையான காயம் வெளியே வந்தது. அதுவரை மோட்டார், சாவி, முறை என்றே பேசிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மழை. விடிலி ஓலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று, "எங்க அப்பா முகத்த நான் பாக்கலய்யா" என்றார்.

1979. அப்போது அவர் பம்பாயில் ஒரு மளிகைக் கடையில் வேலை. தகப்பனார் இறந்த தந்தி கிடைத்ததும் புறப்பட்டிருக்கிறார். ரயில் மாறி, பஸ் மாறி, மூன்றாம் நாள் ஊர் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. சித்திரை வெயில். ஐஸ் வாங்கவும் தூத்துக்குடிக்குத்தான் போக வேண்டும். அண்ணன் முடிந்தவரை வைத்திருந்ததாகச் சொல்கிறார். தம்பி, இன்னும் ஒரு ராத்திரி வைத்திருக்கலாம் என்கிறார். அதற்குப் பிறகு வந்த கிணறும் மோட்டாரும் கோர்ட்டும் எல்லாம் இதன் மேல் போட்ட மண்.

இதை அண்ணனிடம் கொண்டுபோகலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். தம்பியிடம் அனுமதி கேட்டேன். "சொல்லுங்க, அவருக்கு மட்டும் தெரியாதாக்கும்" என்றார். அண்ணனுக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. பதினோரு வருஷம் கிணற்றுக்காகத் தம்பி பகைக்கிறான் என்றே நினைத்திருக்கிறார். நான் சொன்னதும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கிழிந்த பாயில் ஈர்க்கை நிமிண்டிக்கொண்டே, அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் ஊர்ப் பெரியவர்கள் எடுத்துவிடலாம் என்று சொன்னபோது தனக்கும் களைப்பாக இருந்தது, மறுத்துப் பேசத் தோன்றவில்லை என்றார்.

யாக்கோபு ஏசாவைச் சந்திக்கப் போன கதை எனக்கு அன்றைக்குப் புதிதாகப் புரிந்தது. முதலில் மந்தை மந்தையாக வெகுமதி அனுப்புகிறான், வேலைக்காரரை அனுப்புகிறான். ராத்திரி முழுவதும் போராடி இடுப்புச் சந்து பிசகுகிறது. அதற்குப் பிறகுதான் குடும்பத்துக்கு முன்னால் தானே நொண்டிக்கொண்டு போய் ஏழு தடவை தரைமட்டும் குனிகிறான். ஆள் அனுப்புவதில் தொடங்கித் தானே குனிவதில் முடிகிற அந்தத் தூரத்தை யாரும் யாருக்காகவும் நடந்துவிட முடியாது. நடுவில் நிற்கிற நாங்கள் கூடவே நடக்கலாம், அவ்வளவுதான்.

அந்த வருஷம் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். சாயங்காலம் எல்லாரும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போன பிறகு அண்ணன் தகப்பனார் கல்லறையருகே நின்றிருந்தார். தம்பி எப்போதும் கூட்டம் கலைந்த பிறகுதான் வருவார் என்று அவருக்குத் தெரியும். நான் வாசல் பக்கம் கோயில்பிள்ளைத் தாத்தாவோடு நின்றேன். அண்ணன் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. "உனக்காக இன்னும் ஒரு ராத்திரி வச்சிருக்கணும். வைக்காமப் போயிட்டேன். மன்னிச்சிரு." தம்பி பதில் சொல்லவில்லை. கொண்டுவந்த மெழுகுவர்த்தியை ஏற்ற முயன்றார். காற்றில் அணைந்தது. அண்ணன் கையைக் குவித்துப் பிடித்தார். தாத்தா என் தோளைத் தொட்டு, "வாங்க ஐயா, நாம போவோம்" என்றார்.

மறுநாள் காலையில் மோட்டார் அறைச் சாவி தம்பி வீட்டுத் திண்ணையில் இருந்தது. வழக்கைத் திரும்பப் பெற இன்னும் ஏழு மாதம் ஆனது. நடுவில் இரண்டு தடவை சிறு பேச்சு வந்து முறுக்கிக்கொண்டார்கள். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சாட்சி சொல்கிறவர்களை நான் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

தமிழ் வேதாகமம் இந்தக் காரியத்துக்கு ஒப்புரவு என்ற சொல்லை எடுத்திருக்கிறது. 1871-இல் வந்த பவர் ஐயர் மொழிபெயர்ப்பில் மலைப்பிரசங்கத்தைப் பாருங்கள். கத்தோலிக்கர்கள் பாவசங்கீர்த்தனத்தை இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். வள்ளுவரிடம் இருபத்திரண்டாவது அதிகாரத்தின் தலைப்பில் இதே சொல் இருக்கிறது. அங்கே அதற்கு உலகத்தோடு ஒத்து, தன்னிடம் இருப்பதைப் பிறருக்குப் பயன்பட வைப்பது என்று பொருள். இரண்டும் வேறு வேறு என்று கல்லூரியில் நினைத்திருந்தேன். சாவி திண்ணைக்கு வந்த பிறகு அப்படி நினைக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று வாயால் சொல்லிவிட்டுச் சாவியை இடுப்பிலேயே வைத்திருக்கிறவன் ஒப்புரவாகவில்லை. சகேயு இயேசுவுக்கு விருந்து வைத்ததோடு நிற்கவில்லை. பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாய்த் திருப்பி. நிலம், பணம், தண்ணீர், கௌரவம், இவற்றில் ஏதோ ஒன்று கைமாறாமல் முடிந்த சமாதானம் நீடித்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

எழுதக் கூசுகிற ஒன்றையும் எழுதித்தான் ஆக வேண்டும். அதே சேகரத்தில் ஒரு பெண், கல்யாணமாகி இரண்டு வருஷம், பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான். மாமனார் என்னிடம் வந்து பேசினார். அண்ணன் தம்பியைச் சேர்த்துவைத்த பெருமை எனக்குள் இருந்தது. அந்தப் பெண்ணிடம் போய்த் தாழ்மையைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் பேசினேன். ஜெபம் செய்து அனுப்பிவைத்தேன். மூன்றாவது வாரம் நெற்றி கிழிந்து, ஏழு தையலோடு திரும்பி வந்தாள்.

தாழ்மை என்பது மேலே இருப்பவன் கீழே இறங்குவது. பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் காட்டுகிற கிறிஸ்து அப்படித்தான், எல்லாம் உள்ளவர் தம்மை வெறுமையாக்கிக்கொள்கிறார். நானோ ஏற்கெனவே தரையில் விழுந்து கிடந்தவளைப் பார்த்து இன்னும் குனி என்று சொன்னேன். இறங்க வேண்டியவனிடம் போய் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெண்ணின் தாய் தகப்பனிடமும் அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைக் கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை.

அதற்குப் பிறகு அடி விழுகிற வீட்டில் நான் சமாதானம் பேசியதில்லை. முதலில் அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் பத்திரமாக இருக்க ஓர் இடம். பிறகு காவல் நிலையமோ வக்கீலோ. 2005-இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்த பிறகு அதை மாதர் ஐக்கியக் கூட்டங்களில் வாசித்து விளக்கினோம். புருஷன் குடியை விட்டு, தானாக வந்து, அவள் வீட்டில் அவளிடம் தன் வாயால் தப்பை ஒத்துக்கொண்டு, அவள் கேட்கிற காலம்வரை தள்ளியிருக்கச் சம்மதித்தால்தான் அடுத்த பேச்சு. அந்த முதல் பெண் திரும்பிப் போகவில்லை. போகாதது சரி.

மனுஷருக்குள் இருப்பது சபைகளுக்குள்ளும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் நாசரேத்துக்கு அருகே பிரகாசபுரத்தில் ஒரு தனிச் சபை உண்டு. சட்டம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம் 1857-இல் மிஷன் சபையைவிட்டுப் பிரிந்து அதைத் தொடங்கினார். வேதம் நன்றாகப் படித்த மனிதர். அவருக்கும் நாசரேத்தில் இருந்த மிஷனரிக்கும் மனத்தாங்கல் முற்றியிருந்தது. 1849-இல் கால்டுவெல் பனையேறும் மக்களைப் பற்றி எழுதி வெளியிட்ட ஆங்கில நூல் அந்த மக்களைத் தாழ்த்திப் பேசுகிறது என்ற காயமும் சேர்ந்தது. கால்டுவெல் இடையன்குடியில் இந்த மக்களுக்காகவே உழைத்தவர், தமிழுக்கும் பெரிய தொண்டு செய்தவர். அன்பு இருந்தது. அந்தப் புத்தகத்தை எழுதிய கையில் தாழ்மை இருக்கவில்லை என்பது என் எண்ணம். மேலே நின்று நேசிக்கிறவரின் ஒரு வார்த்தை எத்தனை தலைமுறைக்கு எரியும் என்பதற்கு எங்கள் மண்ணிலேயே அத்தாட்சி இருக்கிறது. இதே வட்டாரத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1910-இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த சபையில் எழுந்து, நீங்கள் எவ்வளவோ தியாகம் செய்தீர்கள், எங்களுக்கு வேண்டியது சிநேகம் என்ற பொருள்படப் பேசியதும் இந்தக் காயத்தைத் தெரிந்த ஒருவரின் பேச்சாகவே எனக்குப் படுகிறது.

ஊரார் பகையை எல்லாம் பேசித் தீர்த்துக்கொண்டிருந்த நான் என் அக்கா வீட்டு வாசலை மிதித்துப் பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அம்மா முன்பே போய்விட்டார்கள். அப்பா 1994-இல் இறந்தார், உயில் எழுதவில்லை. கிறிஸ்தவர்களான எங்களுக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதில் மகன் என்றும் மகள் என்றும் பேதம் இல்லை, சரிபாதி. ஒரு ஏக்கர் இருபது சென்ட் பனங்காடும் வீடும் இருந்தன. 1996-இல் சார்பதிவாளர் அலுவலகத்தில் அக்கா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, சீர் செய்தாச்சு, அதுதான் ஊர் வழக்கம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் வேறு மாதிரி யோசிக்கவில்லை. அவள் சண்டை போடவில்லை. கல்யாண வீட்டில் பார்த்தால் பேசுவாள். வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. எனக்கு யார்மேலும் ஒரு குறையும் இல்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

2009, பெரிய வியாழன். பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவித் துடைத்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்தேன். சாப்பாடு போட்டுக்கொண்டே என் மனைவி கேட்டாள்: "அக்கா காலையும் ஒருநாள் கழுவுவியளா?"

வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்று இயேசு சொன்ன இடத்தை நூறு தடவை பிரசங்கம் செய்திருக்கிறேன். உனக்கு உன் சகோதரன்மேல் குறை இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் குறை இருக்கிறது என்று நினைவு வந்தால் என்கிறார். என் மனதில் பகை இல்லை என்பதால் நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அக்கா மனதில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை நான் பதின்மூன்று வருஷம் கேட்கவில்லை.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை போனேன். அக்கா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தரையில் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, பத்திரத்தில் உன்னைக் கையெழுத்துப் போடவைத்தது தப்பு, மன்னித்துக்கொள் என்றேன். முறத்தை நிறுத்தாமலேயே சொன்னாள்: "எனக்கு நெலம் வேணும்னு இல்லல. அக்கா உனக்கு வேணுமான்னு ஒரு வார்த்த நீ கேக்கலியே." அவளுக்கு நான் ஐயர் இல்லை, 'ல' போட்டுக் கூப்பிடுகிற தம்பி. அதைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

அறுபது சென்டை அவள் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்தோம். வேண்டாம் என்று மறுப்பாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். அவள் மறுக்கவில்லை. "எம்பிள்ளையளுக்குத் தாத்தா சொத்துன்னு ஒண்ணு இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டாள். அவள் வாங்கிக்கொண்டது எனக்குச் செய்த தயவு.

2017-இல், கிணற்றுக்காகக் கோர்ட்டுக்குப் போன அந்தத் தம்பி இறந்தார். நான் அப்போது நாற்பது கிலோமீட்டர் தள்ளி வேறொரு சேகரத்தில் இருந்தேன். போன் வந்ததும் போனேன். குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். மகன் சவுதியில். கம்பெனியில் கையெழுத்து வாங்கி, டிக்கெட் போட்டு வர இரண்டு நாளாவது ஆகும். முதல் நாள் சாயங்காலமே ஊர்ப் பெரியவர்கள் சிலர் எடுத்துவிடலாம் என்றார்கள். எண்பதை நெருங்கிய அண்ணன் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "மகன் முகம் பாக்காம மூட விடமாட்டேன்" என்றார். மின்சாரம் போனால் வேண்டும் என்று ஜெனரேட்டருக்கு அவரே பணம் கொடுத்தார். இரண்டு ராத்திரியும் அந்த நாற்காலியைவிட்டு எழவில்லை.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு மகன் வந்து சேர்ந்தான். பன்னிரண்டரைக்கு அடக்கம் செய்தோம்.